ஏழாவது அட்டவணை

முதல் அட்டவணையில் நான் தூங்கவே இல்லை.
விடிகாலை ஐந்துக்கு வேதியியல்,
ஐந்தே முக்காலுக்குக் கூடுதல் கணிதம்,
பல் துலக்கவும் இடம் விடாத கட்டங்கள்.
ஆறு நிற மார்க்கர், ஒரு அடிக்கோல்,
ஞாயிறு முழுக்க அதற்கே போயிற்று.
திங்கள் காலை பத்து ஐம்பதுக்குக் கண் விழித்தபோது
ஐந்து பாடம் பின்தங்கியிருந்தேன்.

தமிழ்த் தேர்வு முன்பே முடிந்துவிட்டதால்
அதன் கட்டத்தில் பௌதிகம் குடியேறியது.
பிறகு வரலாறு வந்து பௌதிகத்தைத் தள்ளியது.
மூன்றாவது, ஹஃபிஸாவுடையதைப் பார்த்து எழுதினேன்.
அவளுக்கு வராதது வரலாறு,
எனக்கு வராதது மோல்.
ஒரு வாரம் அவளுடைய பலவீனத்தை
மிகக் கவனமாகப் படித்தேன்.

நான்கு, ஐந்து, ஆறு பற்றிச் சொல்வதற்கில்லை.
அழகாக இருந்தன.

அம்மா பூன் லேயிலிருந்து பேருந்து ஓட்டுகிறாள்.
நான்கு மணிக்கே கிளம்பிவிடுவாள்;
அவள் பணி அட்டை குளிர்பெட்டிக் கதவில்,
காந்த மீன் ஒன்றின் வாய்க்கடியில்.
மைலோ கலக்கிக்கொண்டே ஒருநாள் வாசித்தேன்:
5.38 புறப்பாடு. 6.41 வருகை.
6.49 புறப்பாடு.

நடுவில் எட்டு நிமிடம்.
அதற்கு எதிரே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

போன டிசம்பரில் அவள் வண்டியில் போயிருக்கிறேன்.
ஜூரோங் வெஸ்டில் வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது,
ஒரு தள்ளுவண்டிப் பாட்டனார் ஏறவே மூன்று நிமிடம்.
ஆறு நிமிடம் தாமதமாக உள்ளே நுழைந்தோம்,
6.49க்குச் சரியாக வெளியே வந்தோம்.
அம்மா முகம் கழுவக்கூட நேரம் இருந்தது.
அன்று அது எனக்குப் புரியவில்லை,
ஜன்னலில் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன்.

பணி அட்டையின் ஓரத்தில் கணக்குப் போட ஆரம்பித்தேன்.
"அதுல கிறுக்காதடி, திருப்பிக் குடுக்கணும்"
என்றாள் அம்மா, அறையிலிருந்து,
பாதித் தூக்கத்தில்.

ஏழாவதைப் பென்சிலில் எழுதினேன்,
பழைய மின்கட்டண உறையின் பின்பக்கம்.
'வேதியியல்' என்று எழுதவில்லை.
'மோல், பத்தாண்டுத் தொகுப்பு, பக்கம் 41,
குறிப்பை மூடிவைத்து, மூன்று கேள்வி' என்று எழுதினேன்.
பிடிக்காததை முதலில் வைத்தேன்,
மூளை இன்னும் கெஞ்சக் கற்காத காலைவேளையில்.

செவ்வாய் படித்தது வெள்ளிக்குத் திரும்ப வரும்,
அடுத்த வாரம் இன்னொரு தரம்.
ஏற்றியவர்கள் எல்லாரும் எங்கோ இறங்கிவிடுகிறார்கள்:
உப்புகளின் நிறங்கள், ஒப்பந்தங்களின் ஆண்டுகள்.
அதே நிறுத்தத்துக்கு மறுபடி போய்
அதே முகங்களை ஏற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.
மூன்றாம் சுற்றில் சிலர்
உட்கார இடம் பிடித்துவிடுகிறார்கள்.

ஒவ்வொரு நாளும் இரவு எட்டரைக்கு
ஒரு அரைமணியை வெறுமனே விட்டேன்.
அதற்குப் பெயர் வேண்டியிருந்தது.
'மழை' என்று எழுதினேன்.

புதன்கிழமை முக்கோணவியல் நிரூபணம் ஒன்று
நாற்பது நிமிடம் தாமதம்.
மழை அதில் பெரும்பகுதியைக் குடித்துவிட்டது.
சனிக்கிழமை தம்பி மகிணனுக்குக் காய்ச்சல்,
மருந்தகத்தில் வரிசை எண் 67.
ஒரே நாளில் மழையும் போதவில்லை,
ஞாயிற்றிலிருந்து கடன் வாங்கினேன்.
ஆனால் உறையைக் கிழிக்கவில்லை.
எட்டாவது எழுத உட்காரவுமில்லை.

இன்று வியாழன்.
தேர்வுக்குப் பத்தொன்பது நாள்.
எல்லாம் நேரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது,
அரைமணி முழுசாக என் கையில்.
என்ன செய்வதென்று தெரியாமல்
தாழ்வாரச் சுவரில் சாய்ந்து கீழே பார்க்கிறேன்.

நிறுத்தத்தில் ஒரு பேருந்து,
ஆளில்லாமல், எல்லா விளக்கும் எரிய.
ஓட்டுநர் பன் பிய்த்துத் தின்கிறார்.
அம்மா இல்லை, வேறு யாரோ.
கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்,
மறுபடியும் பன்னைப் பார்க்கிறார்.
அவருக்கு இன்னும் நேரம் இருக்கிறது.